ஆஹெனில் ராகு காலம் எத்தனை மணிக்கு?

“இரு பிள்ளை. இன்னும் முடியேல்லை” என்றார் அண்ணை.

அவருடைய ஒரு கை என் பையின் மேல் இருந்தது. மற்றக் கையில் கட்டியிருந்த கடிகாரத்தை நொடிக்கொரு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு எதிரே ஒரு கதவு. உள்ளே ஆஹென் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களை வாங்கும் அம்மா இருந்தார். கதவில் ஒட்டியிருந்த அட்டையில், வெள்ளிக்கிழமைகளில் நண்பகல் பன்னிரண்டு மணியோடு மூடப்படும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் அன்றுதான். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை என்பது உங்களுக்கும் தெரியும். அண்ணைக்கும் தெரியும். ஜெர்மன்காரருக்குத்தான் தெரியாது.

“பன்னிரண்டுக்குக் கதவைப் பூட்டிப்போடுவினம் அண்ணை!”

“பூட்டுறதுக்கு ஒரு நிமிஷம் முந்திப் போனாலும் ராகு காலந்தான்.”

“அப்ப பூட்டின கதவுக்குள்ளாலயே நான் போறது?”

“கத்தாதை. சனம் பாக்குது.”

சனம் பார்க்கத்தான் செய்தது. எங்களுக்குப் பிறகு வந்த ஒரு துருக்கிப் பெடியன் “நீங்கள் போகவில்லையா?” என்று கையால் கேட்டான். அண்ணை மிக மரியாதையாக, “நீங்கள் முதலில் போங்கள்” என்று ஜெர்மனில் சொல்லி அனுப்பிவைத்தார். அவனுக்குப் பின் வந்த இரண்டு பெண்பிள்ளைகளையும் அப்படியே வரிசையில் முன்னால் விட்டார். அன்றைக்கு அந்த நடைபாதையில் என் அண்ணையைப் போலப் பெருந்தன்மையான மனிதர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை. அதை அடக்குவதுதான் கஷ்டம்.

சைக்கிள் கடைக்கு மேலே

போன வாரம் ஹம் நகரத்தில் நாங்கள் இருந்த வீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். சைக்கிள் கடைக்கு மேல்மாடி. ரயர் வாசமும் நாங்கள் தாளிக்கிற வாசமும் சேர்ந்து படியில் ஏறி இறங்கும். அதைப் படித்த ஒரு அன்பர், “அந்த வீட்டில் இருந்துகொண்டு அப்படி என்னதான் படித்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். கேள்வியில் கொஞ்சம் நக்கல் இருக்கிறது. பரவாயில்லை, சொல்கிறேன்.

ஊரில் நான் உயர்தரத்தில் கணிதம் படித்தவள். பெறுபேறும் மோசமில்லை. ஆனால் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடின புள்ளி கேட்ட தரப்படுத்தல் என்று ஒன்று இருந்ததே, அதில் என் புள்ளி போதாமல் போய், கம்பஸ் என்று நாங்கள் சொல்லும் பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட நான் மிதிக்கவில்லை. பிறகு தமிழருக்கு எதிரான கலவரம், பிறகு ஜெர்மனி. வந்த இரண்டாம் வருடம், மொழியை ஒருமாதிரிச் சமாளித்து, பக்கத்து நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் கட்டடப் பொறியியலுக்கு இடம் எடுத்தேன். அந்தக் கல்லூரிகளுக்கு ஜெர்மனில் ஒரு நீளமான பெயர் உண்டு. எங்கள் ஆட்களின் வாயில் அது நுழையவில்லை. “கொலிச்” என்றுதான் சொன்னோம்.

கொலிச் நல்ல கொலிச். பிழை சொல்ல மாட்டேன். நாலு வருடத்தில் கையில் ஒரு டிப்ளோமா, அதோடு வேலை. ஆனால் என் தலையில் இருந்த பேய் வேறு.

ஒருநாள் கணக்கு வகுப்பில் விரிவுரையாளர் ஒரு சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, அதைச் சுற்றிச் சிவப்புச் சோக்கால் பெட்டி கட்டினார். “இதைப் பாடமாக்குங்கள்.” நான் கையை உயர்த்தி, “இது ஏன் இப்படி வருகிறது?” என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. நல்ல மனிதர். சோக்குத் தூளைக் கோட்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இங்கே பாலம் விழாமல் நின்றால் போதும். ஏன் என்று கேட்பதற்கு ஆஹெனுக்குப் போக வேண்டும்.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. ஆஹென் எங்கே இருக்கிறது? எத்தனை மணித்தியாலம்? எப்போது போகலாம்?

எப்போது என்பதுதான் பிரச்சினை

போகலாமா என்று ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. எப்போது போவது என்பதில்தான் ஹம்மில் இருந்த எங்கள் சனம் முழுக்க ஒரு பக்கமாகவும் நான் மறுபக்கமாகவும் நின்றோம்.

கல்லூரியில் நான்கு பருவம் முடித்து, அரைவழிப் பரீட்சையும் பாஸ் பண்ணிய கையோடு, கணிதம் படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மாறினால், படித்ததில் பாதியையாவது அங்கே கணக்கில் எடுப்பார்கள். ஐந்தாம் பருவத்துக்குள் காலை வைத்துவிட்டால் பாதை வேறு. டிப்ளோமாவை முடித்துவிட்டு, அங்கே போய் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்த வருட விண்ணப்பத்துக்கு ஜூலை நடுவில் கடைசி நாள்.

“முதல் கையில ஒரு டிப்ளோமாவை எடு. பிறகு எங்கையும் போ” என்றார் அண்ணை.

வீட்டுக்குத் தேத்தண்ணிக்கு வந்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ஏன் சொன்னார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். என் அகதி வழக்கு முடியவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசாவில் முத்திரை குத்தித் தருவார்கள். அடுத்த முறை குத்துவார்களா, “போ” என்பார்களா, ஒருவருக்கும் தெரியாது. “எப்ப பிடிச்சு அனுப்புவாங்களோ தெரியாது, அதுக்குள்ள சின்னப் படிப்பை முடிச்சுப்போடு. கையில ஒரு பேப்பர் இருந்தால் கனடாவுக்கெண்டாலும் பாயலாம்.” இதுதான் அவர்களின் நியாயம். பிழையான நியாயம் இல்லை. இரண்டு கிழமை எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பிறகு ஒருநாள் காலை, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு விளங்கியது. எப்போது அனுப்புவார்கள் என்று தெரியாது என்றால், விருப்பமில்லாததை முடிக்க நான் ஏன் அவதிப்பட வேண்டும்? இருக்கிற காலம் எவ்வளவோ, அதை விரும்பியதில் செலவழிக்கலாமே. கத்தியை வைத்துவிட்டு, “அண்ணை, நான் இந்த வருஷமே எழுதிப் போடப்போறன்” என்றேன்.

“உனக்கென்ன விசரே?” என்றார் அண்ணை.

“ஓம்.”

அவர் நான் வைத்த கத்தியை எடுத்து மீதிக் கிழங்கை உரிக்கத் தொடங்கினார்.

ஹெலியும் சனியும்

அந்த நாளில் ஊரோடு பேசுவதென்றால் கசெற்தான். தொலைபேசி எடுபடாது. யாராவது கொழும்பு வரை வந்தால் அம்மா ஒரு கசெற்றில் பேசிக் கொடுத்துவிடுவார். அது இரண்டு மூன்று கை மாறி எங்களிடம் வரும். நாங்கள் ரெக்கோடரை மேசையில் வைத்து, ஏதோ கோயில் பூசை மாதிரி, பேசாமல் இருந்து கேட்போம்.

என் முடிவை அண்ணை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார். பதில் கசெற் வந்தது. அம்மாவின் குரல், பின்னால் சேவல், யாரோ கிணற்றில் வாளி விடுகிற சத்தம்.

“பிள்ளைக்கு இப்ப ஏழரைச் சனி நடக்குது. புதுசா ஒண்டும் தொடங்க வேண்டாமெண்டு சாத்திரியார் சொன்னவர். சனி எண்டால் லேசுப்பட்ட ஆளில்லை...”

அந்த இடத்தில் ஹெலிகொப்டர் சத்தம் வந்தது. வரவரக் கூடியது. அம்மா யாரிடமோ, “உள்ளுக்கு வா, உள்ளுக்கு வா” என்றார். கதவு அடித்துச் சாத்தியது. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அண்ணை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு சத்தம் தேய்ந்து, அம்மாவின் குரல் திரும்பவும் வந்தது.

“ம்... என்ன சொன்னனான்? ஓம், சனி. சனியனைப் பகைக்கக் கூடாது பிள்ளை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. தலைக்கு மேல் ஹெலி சுற்றுகிறது. அம்மா அது போகட்டும் என்று காத்திருந்து, எனக்குச் சனி பிடிக்காமல் பார்க்கிறார். இந்தச் சனத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

“கேட்டனி தானே?” என்றார் அண்ணை.

“கேட்டனான். ஆனா போறன்.”

அவர் கசெற்றை எடுத்து உறைக்குள் போட்டார். கடைசியில், “சரி. போறதெண்டால் நேரம் காலம் பாத்துத்தான் போகவேணும். நானும் வாறன்” என்றார்.

அவர் ஏன் அப்படி

அண்ணையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லாவிட்டால் நீங்கள் அவரைப் பகிடியாக நினைத்துவிடுவீர்கள். அவர் கொழும்பில் வங்கி வேலையில் இருந்தவர். இங்கிலீஷ் பேப்பர் வாசிப்பார். ஊரில் யாராவது ராகு காலம் என்றால், “போங்கோ, உங்களுக்கு வேற வேலையில்லை” என்று சிரித்தவர் அவர்தான். கலவரத்தில் காடையர் வீட்டைக் கொளுத்த வந்தபோது, கட்டிய சாரத்தோடு பின்மதில் ஏறிப் பாய்ந்து ஓடினார். அன்றைக்கு நேரம் பார்க்க நேரம் இருக்கவில்லை.

அன்றோடு அவர் மாறிப்போனார். ஹம்மில் கம்பித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, நேரம் பார்க்காமல் ஒரு முட்டைப் பெட்டிகூட வாங்க மாட்டார். சமையலறைச் சுவரில் ஊர்ப் பஞ்சாங்கக் கலண்டர் தொங்கும். ஓடவேண்டிய நாள் ஒன்று இன்னொரு தரம் வரக் கூடாது என்ற பயம் அது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் எரிச்சல் வரும்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். ஆஹெனுக்குப் போய்வர ஒரு நாள் அனுமதி எனக்கு முதல்நாள்தான் கிடைத்தது. அந்த நாளில் அகதி வழக்கு முடியாதவர்கள் மாவட்ட எல்லை தாண்டுவதற்கும் அனுமதி எடுக்க வேண்டும். விடியற்காலை ரயிலில் போகலாம் என்றேன். “வீட்டை விட்டு இறங்க ஏழு மணிக்குப் பிறகுதான் நல்ல நேரம்” என்றார் அண்ணை. நல்ல நேரத்தில் இறங்கினோம். நல்ல நேரத்தில் கொலோனில் மாற வேண்டிய ரயிலைத் தவறவிட்டோம். ஆஹென் அலுவலக வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பத்தரை கடந்து, அண்ணையின் ராகு காலம் தொடங்கிவிட்டிருந்தது. என்ன கோதாரி இது!

பேப்பர் ஓரத்தில் ஒரு கணக்கு

மறுபடி நடைபாதைக்கு வருகிறேன். அண்ணையின் கை இன்னும் என் பையின் மேல்.

பையைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடலாம். ஓடியிருப்பேன். ஆனால் அவர் அன்றைக்கு லீவு போட்டு, இருந்த ஒரே நல்ல சேட்டைப் போட்டுக்கொண்டு, எனக்காக வந்திருந்தார். அவரை அந்தச் சனத்துக்கு முன்னால் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்துக் கதிரையில் யாரோ விட்டுப்போன அன்றைய பேப்பர் கிடந்தது. ஆத்திரத்தில் அதை எடுத்துப் பிரித்தேன். காலநிலைப் பக்கம் வந்தது. மழை, காற்று, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் சூரியன் எழுகிற நேரம், மறைகிற நேரம். காலை ஐந்தரை. இரவு ஒன்பதரை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

“அண்ணை, ராகு காலம் ஏன் பத்தரைக்கு வருது?”

“ஏனெண்டால்? வெள்ளிக்கிழமை பத்தரைக்குத்தான்.”

“அது தெரியும். ஏன்?”

“இதென்ன கேள்வி? பஞ்சாங்கத்தில அப்பிடித்தான் கிடக்குது.”

கொலிச்சில் சிவப்புப் பெட்டிக்குள் எழுதிய சூத்திரம் எனக்கு நினைவுக்கு வந்தது. இங்கேயும் அதே கதைதான்!

“ஊரில சூரியன் ஆறு மணிக்கு எழும்பி ஆறு மணிக்குப் படுக்கும். அந்தப் பகலை எட்டாப் பிரிச்சால் ஒரு பங்கு ஒன்றரை மணித்தியாலம். வெள்ளிக்கிழமை நாலாவது பங்கு ராகுவின்ரை. மூண்டு பங்கு கழிஞ்சால் பத்தரை. சரிதானே?”

அவர் விரல் மடித்துப் பார்த்தார். “ஓம், சரிதான்.”

“இஞ்சை பகல் பதினாறு மணித்தியாலம். எட்டாப் பிரிச்சால் ஒரு பங்கு ரெண்டு மணித்தியாலம். ஐந்தரையிலயிருந்து மூண்டு பங்கு கழியட்டும். எத்தினை மணி?”

பேப்பர் ஓரத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வங்கியில் இருந்த மனிதர். கணக்கென்று வந்தால் அவர் பொய் சொல்ல மாட்டார், தனக்கும்கூட.

“பதினொன்றரை” என்றார் மெதுவாக.

“அப்ப இப்ப ராகு காலமில்லை. இனித்தான் வரப்போகுது.”

அண்ணை பேப்பரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

“பொறு பொறு. அப்ப நான் போன கோடைக்குக் கார் லைசன்ஸ் சோதினை ஓடினது? ரெண்டு தரமும் வெள்ளிக்கிழமை. ராகு காலம் கழியட்டுமெண்டு பன்னிரண்டரைக்குக் கேட்டு வாங்கினனான்.”

“நட்ட நடு ராகு காலத்தில ஓடியிருக்கிறியள்.”

“ரெண்டு தரமும் ஃபெயில்!” என்றார். யாரோ அவருடைய பொக்கற்றுக்குள் கையை விட்டதைப் போல இருந்தது அவர் குரல். “இவ்வளவு வருஷமும் நான் ஊர்ச் சூரியனுக்கு எல்லோ நேரம் பாத்துக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்.”

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் பையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“கெதியாப் போ, கெதியாப் போ. ஏன் மினக்கெடுறாய்?”

உள்ளே

கெதியாகப் போக முடிந்தால்தானே! அண்ணை பெருந்தன்மையாக அனுப்பிவைத்த அத்தனை பேரும் எங்களுக்கு முன்னால் இருந்தார்கள். துருக்கிப் பெடியன் உள்ளே போய் உட்கார்ந்தவன், ஊர்க்கதை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தான். அடுத்தவள் ஏதோ ஒரு பிரதியைக் காணவில்லை என்று கீழே ஓடிப் போய்த் திரும்பி வந்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அண்ணை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

என்னைக் கூப்பிட்டபோது பதினொன்றரை தாண்டிவிட்டது.

நானே போட்ட கணக்கு. அதன்படி ராகு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறார். அண்ணை வாய் திறந்தார். அவர் ஒரு சொல் சொல்லுமுன் நான் எழுந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பேனோ என்று இன்றைக்கும் சில நேரம் யோசிப்பேன். நின்றிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

விண்ணப்பம் வாங்கும் அம்மா என் கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். விசாவைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“இது ஒக்டோபரில் முடிகிறது. எங்கள் வகுப்புகள் தொடங்குவதும் ஒக்டோபரில்தான்.”

“தெரியும்.”

“இன்னும் இரண்டு வருடம் இருந்தால் கல்லூரியில் டிப்ளோமா கிடைத்துவிடும். அதை விட்டுவிட்டு ஏன் இப்போது? முடித்துவிட்டு வரலாமே.”

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே எனக்காகக் கவலைப்பட்டுக் கேட்டார். வழியெல்லாம் இதற்கு அழகான ஜெர்மன் வசனம் ஒன்று தயார் பண்ணி வைத்திருந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. வந்தது இதுதான்:

“எவ்வளவு காலம் இங்கே இருக்க விடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. பாதியில் அனுப்பினால், பாதிக் கணிதம் படித்தவளாகப் போகிறேன். அது என்னோடு வரும்.”

அவர் விசாவை மற்றக் கடதாசிகளோடு சேர்த்து அடுக்கினார். பிறகு முத்திரையை எடுத்து, மைப்பெட்டியில் அழுத்தி, என் விண்ணப்பத்தின் மேல் ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

வெளியே

“எத்தினை மணிக்கு வாங்கினவ?” என்று கேட்டார் அண்ணை. கேட்பார் என்று தெரியும்.

“இப்பத்தான். பத்து நிமிஷம் இருக்கும்.”

அவர் கணக்குப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“அப்ப ஊர்க் கணக்கிலயும் ராகு காலம். இஞ்சத்தைக் கணக்கிலயும் ராகு காலம்.”

“ஓம் அண்ணை. ரெண்டிலயும்.”

வெடிப்பார் என்று நினைத்தேன். அவர் கடிகாரத்தைச் சேட்டுக் கைக்குள் இழுத்து மறைத்தார்.

“சரி, வா சாப்பிடுவம். பசிக்குது. இதுக்கு மேல ராகுவும் என்ன செய்யிறது?”

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி, நின்றபடியே சாப்பிட்டோம். உப்புக் கூடிப்போயிருந்தது. இரண்டு பேரும் ஒரு துண்டு விடாமல் தின்றோம்.

இடம் கிடைத்த கடிதம் செப்டம்பரில் வந்தது. விசாவிலும் முத்திரை குத்தினார்கள், இன்னும் ஆறு மாதத்துக்கு. வழக்கு அதற்குப் பிறகும் இழுத்தடித்தது. அது வேறு கதை. அந்த ஆறு மாதத்தை நம்பித்தான் நான் பெட்டி கட்டினேன்.

ஜூலையில் நடந்ததை அண்ணை அம்மாவுக்குச் சொல்லவில்லை. கேட்டால், “முடிவு வரட்டும்” என்பார். கடிதம் வந்த அன்று பின்னேரம், ரெக்கோடரை மேசைக்கு எடுத்துவந்து, புதுக் கசெற் போட்டு, இரண்டு விரலால் அழுத்தினார். நான் எதிரே இருந்து சேலை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“அம்மா, பவானிக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது. ஓம், கம்பஸ்தான். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நல்ல நேரம் பாத்துத்தான் குடுத்தது.”

நான் மடிப்பதை நிறுத்திவிட்டேன். அவர் ரெக்கோடரை இன்னும் கிட்ட இழுத்தார்.

“அவளே கணக்குப் பாத்தவள்” என்றார்.